வேன் சிஸ்டரும் பதினாறு இஞ்சுச் சக்கரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வேன் சிஸ்டரின் வண்டிக்கு ஒருமுறையாவது ஒதுங்கி வழிவிடாத மனிதர் இருந்தால், அவர் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். மணல் லாரி ஒதுங்கும், அரசு பஸ் ஒதுங்கும், கல்யாண ஊர்வலம் ஒதுங்கும். ஒரு தடவை கோயில் யானையும் ஒதுங்கியதாம். யானை ஒதுங்கியதை நான் பார்க்கவில்லை. சிஸ்டர் சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார், கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் ஊரில் யாருக்கும் வீடு தெரியாது. வேன் சிஸ்டர் என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழி காட்டும்.

சிஸ்டர் வளைகுடாவில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரோடு போய்த் திரும்பியவர்கள் எல்லாம் முன்னால் நாலு தூணும் மாடியில் இரண்டு சிங்கமும் வைத்து வீடு கட்டினார்கள். சிஸ்டர் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பழைய வேனை வாங்கினார். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை, துணி காயப்போடக் கொடி என்று ஒரு குடித்தனமே வைத்தார். குடும்பத்து ஓட்டு வீட்டின் முன்னால் அது நின்றது. அவர் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியில் உறங்கினார்.

"ஏன் சிஸ்டரே, எல்லாரும் வீடு வைக்காவ, நீங்க மட்டும் வண்டி வச்சிருக்கிய?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வீடு ஒரே கெடையா கெடக்கும் மக்கா. ஒரே கெடையா கெடந்தா முதுகுல புண்ணு வரும். எத்தன பேருக்கு மருந்து வச்சுக் கட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வேலையை விட்டாரே தவிர, நர்ஸ் அவரை விடவில்லை. தினமும் காலையில் பழைய ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி வண்டியின் பானெட்டில் வைத்துக் கேட்பார். "சளி கட்டியிருக்கு" என்பார். பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போது, குழந்தைக்குப் பாலூட்டுகிறவர் மாதிரி பக்கத்தில் நின்று தட்டிக்கொடுப்பார். மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று சொன்னபோது, சிஸ்டர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, கை கழுவினியா?"

"சிஸ்டர், இது எஞ்சினாக்கும்."

"தெறக்கப்போறேன்னு சொன்னியா இல்லியா? போ, சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

அந்த மெக்கானிக் இன்றுவரை வேலைக்கு முன்னால் கை கழுவுகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே காரணம் தெரியாது.

நான் வடசேரிப் பக்கம் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்யூட்டர் இயந்திரம் என் பொறுப்பு. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அம்மா அண்டி ஆலையில் முந்திரி உடைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். பிறகு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். ஒரு டயரின் ஆரம்பம் அப்பாவின் கத்தி, அதன் முடிவு என் இயந்திரம் என்று நானாகச் சொல்லிக்கொள்வேன். இதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு, மறைப்பதாக இல்லை.

சிஸ்டருக்கு உடன்பிறப்பு ஒரே ஒருவர்தான், மூத்த அக்கா. பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. அந்த வீட்டுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில், பாதை நடுவில் ஆமை முதுகு போல ஒரு பாறை. ஜீப் ஏறிவிடும். சிஸ்டரின் வேன் முதல் தடவை போனபோது அடிவயிறு பாறையில் இடித்து நின்றது. தோட்டத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அன்றே சிஸ்டர் அறிவித்தார்:

"எனக்க வண்டி கேறாத வீட்டுக்கு நானும் கேற மாட்டேன்."

அக்கா மேலேயிருந்து பதில் அனுப்பினார்: "வேண்டாம். எறங்கி வந்து பாக்க எனக்கும் நேரமில்ல. நான் மூத்தவ ஆக்கும்."

அக்கா மகள் கல்யாணத்துக்குச் சிஸ்டர் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, மலையடிவாரத்தில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இலையோடு இறங்கி வந்தது. பாயசம் தூக்குவாளியில் வந்தது. கடைசியில் மணமக்களே ஜீப்பில் இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றார்கள். சிஸ்டர் ஜன்னல் வழியாகவே மணமகளுக்குச் சங்கிலி போட்டார். கல்யாண ஆல்பத்தில் அவர் ஜன்னல் சட்டத்துக்குள் இருக்கிறார், பெரிய பாஸ்போர்ட் போட்டோ மாதிரி.

அக்கா சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்வரை இப்படியே போயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆணி வைத்து ஆபரேஷன் நடந்தது. சிஸ்டர் அக்கா பக்கத்தை விட்டு அசையவில்லை. இருவரும் போட்ட சண்டையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் சீக்கிரமாகவே குணமாகி வீட்டுக்குப் போனார்கள். அக்காவை அவர் மகன் ஜீப்பிலேயே மேலே கொண்டுபோய் விட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டாக்டர் திரும்ப வந்து காட்டச் சொல்லியிருந்தார். எலும்பு சேர்ந்ததா என்று பார்த்தால்தான் நடையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக முடியும். பார்க்காமல் விட்டால் காலம் முழுக்க வாக்கர்தான். அக்கா முடியாது என்றுவிட்டார். ஜீப்பில் குலுங்கியே இறங்கி, குலுங்கியே ஏறியவர் அவர். "இனி அந்த ஜீப்புல என்னைக் கொண்டுபோணும்னா பெட்டியில வச்சுக் கொண்டுபோங்க" என்றார். ஆம்புலன்ஸ் ஒன்று அந்தப் பாறை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே சிஸ்டர் வண்டியோடு வாசலில் நின்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அன்று மெள்ளப் பேசினார்.

"ஏட்டி, இதுல கட்டில் இருக்கு. அவள படுக்க வச்சு, பூ மாதிரி எறக்கிக் கொண்டு வரலாம். வண்டி அந்தப் பாறைய கடக்கணும், அவ்வளவுதான். பெரிய சக்கரம் போடு."

பெரிய சக்கரம் என்றதும் கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் நிபுணர்கள் ஆனார்கள். பதினேழு இஞ்சு அலாய் போடலாம், பார்க்க ஜோராக இருக்கும் என்று போனில் படம் காட்டினார்கள். சிஸ்டருக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு வளையத்தையும் வண்டியில் சாய்த்து வைக்கச் சொல்லி, நகைக்கடையில் வளையல் பார்க்கிற மாதிரி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். ஒன்று இடியாப்பத் தட்டு மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்றில் சாணி ஒட்டினால் கழுவ முடியாது என்றார். மூன்றாவது மினுமினுப்பாக இருந்தது. அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சிஸ்டர், இதைப் போட்டா வண்டி ஒசராது" என்றேன்.

"வளையம் பெருசாத்தானே இருக்கு?"

"வளையம் பெருசு. ஆனா அதுக்குள்ள டயர் மெலிசு. மொத்த ஒசரம் பழைய மாதிரியேதான் வரும். பலாச் சக்கை மாதிரி. கொட்டை பெருத்தா பழம் பெருக்காது, சுளைதான் மெலியும். அந்தப் பாறையில இந்த மெலிஞ்ச டயர் ஒரு அடி வாங்கினா வளையமே நெளிஞ்சிரும்."

சிஸ்டர் மினுமினுப்பைக் கடைசியாக ஒருமுறை தடவினார். "அப்போ எனக்குச் சுளை உள்ள சக்கையா போடு" என்றார்.

பழைய பதினைந்து இஞ்சை எடுத்துவிட்டுப் பதினாறு இஞ்சு இரும்பு வளையமும், பாரம் தாங்கும் தடித்த டயரும் என்று நான் முடிவு செய்தேன். அதே வேனின் மேல்ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவு அது. போல்ட் துளை பொருந்தியது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.

"இனி மீட்டர் நாப்பது காட்டினா வண்டி அதுக்குக் கொஞ்சம் மேலயே ஓடும் சிஸ்டர். கவனம்."

"இருக்கட்டு. நமக்கும் வயசு கம்மியாத்தானே காட்டுது."

பின்சக்கரத்துக்கு மேலே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்க்க, "வண்டியில லோடு எவ்வளவு கேறும்?" என்று கேட்டேன்.

"லோடா? நான் என்ன சந்தைக்கா போறேன்? நானும் அக்காளும். வேற ஒண்ணுமில்ல."

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சிஸ்டரோடு கிளம்பினேன். விடிந்ததும் தெருவே வந்துவிட்டது. மேல்வீட்டிலிருந்து ஒரு ஏத்தன் வாழைக்குலை, கீழ்வீட்டிலிருந்து சாக்கில் தேங்காய். கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஒருவர் ஐஸ் போட்ட நெய்மீன் பெட்டியைக் கொண்டு வந்து இறக்கினார். சிஸ்டரே ஒரு மூட்டை அரிசி, கருப்பட்டி, ஒரு தகரம் நிறைய முந்திரிக்கொத்து எடுத்து வைத்தார். கடைசியில் ஆட்டுக்கல் ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அக்கா வீட்டு ஆட்டுக்கல் விரிசல் விட்டுவிட்டதாம்.

"சிஸ்டர், லோடு ஒண்ணுமில்லன்னு சொன்னியளே?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது லோடாட்டி? இது அக்கா வீட்டுக்குக் கொண்டுபோறதுல்லா."

நியாயம்தான். எங்கள் பக்கத்தில் உறவு வீட்டுக்குக் கொண்டுபோவதை யாரும் சுமையாகக் கணக்கு வைப்பதில்லை. எஞ்சின் படிப்பில் இதற்கு ஒரு பாடம் கிடையாது.

தெருமுனை வேகத்தடையில் பின்சக்கரம் தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போட்டது. சிஸ்டர் நிறுத்தினார். தெரு மறுபடியும் கூடியது. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பொம்பளப் பிள்ளைய நம்பி சக்கரம் போட்டா இப்படித்தான் வரும்."

"ஓய், பஸ்ஸ நிறுத்தத்துல நிறுத்த விசில் ஊதத் தெரியாத ஆளு நீரு. தள்ளி நில்லும்" என்றார் சிஸ்டர்.

நான் சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்துப் பார்த்தேன். ஒரு விரல்கூடப் போகவில்லை.

"சக்கரம் சரியா இருக்கு சிஸ்டர். வண்டிதான் பாரத்துல தாழ்ந்துபோச்சு. இதோட கேறினா டயர் கிழியும். எறக்கணும்."

சிஸ்டர் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்ததிலேயே அப்போதுதான் அவருக்கு முகம் வாடியது.

"வெறுங்கையோட நான் எப்படிட்டி அக்கா வீட்டுக்குப் போவேன்? நாளைக்கு எனக்க சவத்துக்கு முன்னால நின்னு சொல்லுவா அவ."

போகாவிட்டால் அக்காவின் கால் போகும். வெறுங்கையோடு போனால் மானம் போகும். சிஸ்டருக்கு எது பெரிது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கே குழப்பம் வந்திருக்கும்.

"கனமானதை எல்லாம் முன்னால மாத்துவோம். ரோட்டுல மெள்ளப் போயிரலாம். மலையடியில அத்தனையும் ஜீப்புக்கு மாத்தணும்" என்றேன்.

"அந்த ஜீப்புக்கா?"

"அதுக்குத்தான்."

 சிஸ்டர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். "செரி. ஜீப்பு சுமடு தூக்கட்டு. ஆளைத் தூக்குறது எனக்க வண்டியாக்கும்."

மலையடியில் அக்கா மகன் ஜீப்போடு காத்திருந்தார். ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சாமான் மாறியது. வேன் மூச்சு விட்டு எழுந்த மாதிரி உயர்ந்தது. இப்போது இடைவெளியில் என் கை முழுசாக நுழைந்தது.

நான் முன்னால் நடந்து கைகாட்டினேன். பெரிய சக்கரம் என்பதால் முதல் கியரிலேயே எஞ்சின் முக்கியது.

"ஏட்டி, அப்படி ஆட்டாத, எனக்கு டாட்டா காட்டுற மாதிரி இருக்கு" என்றார் சிஸ்டர், வியர்த்துக்கொண்டே.

பாறை வந்தது. நான் தரையில் குப்புறப் படுத்தேன். பாறைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஏத்தங்காய் தடிமனுக்கு வெளிச்சம். அந்த வெளிச்சம் முன்னாலிருந்து பின்னால் வரை அறுபடாமல் நகர்ந்து போயிற்று. நான் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

சிஸ்டர் வண்டியை மேலே நிறுத்தி, கல் அடைகொடுத்து, இறங்கித் திரும்பி வந்தார். பாறை மேல் ஏறி நின்று அதைக் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுதானா நீ?" என்று அதனிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வேனை ஒருமுறை பார்த்தார். தங்கையின் கைகளைப் பார்த்தார்.

"வெறுங்கையோடயா வந்த?"

"சாதனம் எல்லாம் பின்னால வருது."

"எதுல?"

சிஸ்டர் ரப்பர் மரங்களைப் பார்த்தார். "ஜீப்புல."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். வாக்கர் குலுங்கும் அளவுக்குச் சிரித்தார். சிஸ்டர் ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காத சவமே, ஆணி எளகிரும்" என்று திட்டினார். திட்டிக்கொண்டே தானும் சிரித்தார்.

கட்டிலில் அக்காவைப் படுக்க வைத்ததும் அடுத்த சண்டை. நாலு பலாச் சக்கை, ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கு, நல்லமிளகு என்று அக்கா ஏற்றச் சொன்னார்.

"எனக்கிட்ட சொல்லாத. அந்தப் பிள்ளைகிட்ட கேளு" என்றார் சிஸ்டர்.

நான் சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்துப் பார்த்தேன். "ஒரு சக்கை. அதுவும் சின்னதா."

"இவ ஆரு, களியக்காவிளை செக்போஸ்டா?" என்றார் அக்கா.

"அதுக்கும் மேல" என்றார் சிஸ்டர்.

இறங்கும்போது சிஸ்டர் ஓட்டிய வேகத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி எங்களை முந்திப் போயிற்று. பாறையைத் தாண்டும்போது, "ஒரு தம்ளர் தண்ணி வச்சாகூட சிந்தியிருக்காதே" என்று பின்னாலிருந்து அக்கா சொன்னார். சிஸ்டர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

நெய்யூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது, கைத்தடிக்கு மாறலாம் என்றார். அக்கா தலையாட்டினார். சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார். அக்காவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டே, அந்த நீள வராந்தாவில் எதிர்ப்பட்ட ஒருவரையும் விடவில்லை. தெரிந்த நர்ஸ், தெரியாத நர்ஸ், மருந்துச் சீட்டோடு நின்றவர், தரை துடைத்தவர் என்று எல்லோரையும் நிறுத்தினார்.

"இது எனக்க அக்கா. நடக்கா, பாத்தியளா? அந்தா பின்னால வாற பிள்ள இருக்கே, அவ படிச்ச படிப்பாக்கும் எங்கள மலையில இருந்து எறக்கினது."

நான் மடக்கிய வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அதற்குக் கனமே இல்லை. ஆனாலும் மெள்ளத்தான் நடந்தேன், வராந்தா சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று.