வயர் இல்லாத நிச்சயதார்த்தம்

பாஸ்கர் மாமா பொய் சொல்கிறார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் இலை விழுந்ததும், "நம்ம சேகரு மாப்ள போனை ஐஸ் பொட்டில போட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஐஸ் பெட்டியில் போட்டது நான்தான். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதற்கு அடுத்து அவர் செய்த காரியத்தை மட்டும் ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும். எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் கோபம் பழைய கோபம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் அலை. நான் பைபர் படகில் மீனுக்குப் போகிறவன். உப்புக் காற்று எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும். போனில் சார்ஜ் போடும் ஓட்டையை மட்டும் விட்டு வைக்குமா? புதுப் போன் வாங்கினால் கொஞ்ச நாளில் அந்த ஓட்டைக்குள் பச்சை பூத்துவிடும். அப்புறம் சார்ஜ் போடுவது ஒரு சர்க்கஸ். வயரைச் செருகி, லேசாக இடது பக்கம் சாய்த்து, அசையாமல் இருக்க மேலே ஒரு செருப்பை வைத்து, வீட்டில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். (ஒருநாள் அம்மாவை அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சார்ஜ் ஏறியது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.)

இப்படியிருக்க, ரிசார்ட் ஒன்றுக்கு மீன் கொண்டுபோன இடத்தில் ஒரு அதிசயத்தைப் பார்த்தேன். ஏசி அறையில் ஒருவர் வட்டமான பலகை ஒன்றின் மேல் போனைச் சும்மா வைத்தார். சார்ஜ் ஏறியது! ஓட்டையே வேண்டாம்! விசாரித்தால், இந்த வசதி பல வருஷமாக இருக்கிறதாம், விலை அதிகமான போனில் மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளின் போன் உப்புக் காற்றைப் பார்த்ததே கிடையாது. அவருக்கு எதற்கு அது? வேண்டியது எனக்கு அல்லவா?

விடவில்லை. கண்ணாடி கீறிய பழைய உசத்திப் போன் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சந்தையில் கிடைத்த ஒரு மலிவான வயர்லெஸ் சார்ஜரும் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் மனிதனாக இல்லை, பிரசாரகனாகிவிட்டேன். மீன் ஏலம் நடக்கும் இடத்தில், டீக்கடையில், கோயில் கூட்டத்தில், எங்கே நாலு பேர் இருந்தாலும் வயருக்கு எதிராகப் பேசினேன். என்னைக் கண்டால் ஆட்கள் போனைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் என் தங்கை வாணிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

மாப்பிள்ளை தினேஷ். பூர்வீகம் செய்யூர் பக்கத்துக் கடற்கரை, இப்போது செங்கல்பட்டில் குடித்தனம். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். அவன் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். நிச்சயத்துக்கும் வர முடியாது, கல்யாணத்துக்கும் வர முடியாது. நிச்சயத்தன்று காலை மட்டும் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும், அங்கிருந்து வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு நடுவில் அவருடைய சொந்தப் போன் கடலுக்குள் போய்விட்டது. (எங்கள் ஆட்கள் போனுக்கெல்லாம் இதுதான் முடிவு.) யாரிடமோ இரவல் வாங்கித்தான் கூப்பிடுவார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மகனுடைய நம்பர்.

அதனால் மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"அவுரு பொண்ணு மூஞ்சியப் பாக்காம தட்டு மாத்த வாணாம். கல்யாணத்துக்குத்தான் அவருக்குக் குடுத்து வெக்கல. இதாவது பாக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினோம். தினேஷ் போனை எடுத்துப் பார்த்து முகம் வெளுத்தான். வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். பேட்டரி சிவப்பில் நின்றது.

இங்கேதான் பாஸ்கர் மாமா எழுந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை. அவர் கடை வாசலில் வயர்கள் புடலங்காய் மாதிரி தொங்கும். அன்றைக்கும் பட்டு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வயரை உருவினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"மாமா, வயர உள்ள வெய்ங்க. மாப்ள போன் பெரிய போனு. பின்னாடி வெச்சாவே ஏறும்."

தினேஷுக்கே அது தெரியாது. "அப்டியா மச்சான்?" என்றான்.

"தம்பி, அதெல்லாம் பணக்காரன் ஷோ," என்றார் மாமா. "மெதுவா ஏறும், சூடு வரும். சார்ஜ் ஏறும்போது கைல வெச்சுப் பேசவும் முடியாது. வயரு இன்னா, உன்னக் கடிக்குதா?"

"கடிக்கல மாமா. உப்புத்தான் வயரு போற ஓட்டையக் கடிக்குது. செங்கல்பட்டுல உக்காந்துகினு உங்களுக்கு இன்னா தெரியும்?"

"வயரு இல்லன்ற. உன் சார்ஜருக்குச் செவுத்துலேருந்து வயரு வருதே, அது இன்னா, அரணாக்கயிறா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. தங்கை நிச்சயத்தில் பெண்ணின் அண்ணன் தோற்கலாமா? "வெச்சுக் காட்றேன், பாருங்க" என்று சொல்லி, தினேஷ் கையிலிருந்த போனை வாங்கினேன். புது மச்சான் சொல்லும்போது மாட்டேன் என்றா சொல்வான், பாவம்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு அம்மன் கோயிலில் பூசை செய்த செப்புத் தகடு ஒன்று தருவார்கள். முன்பு அதைப் படகில் கட்டுவார்கள். இப்போது பல பேர் போனின் பின் கவருக்குள் வைக்கிறார்கள், ஆபத்தில் ஆளைக் கூப்பிடுவது போன்தானே. என் தகடு படகிலேயே இருக்கிறது. அன்று காலை மாப்பிள்ளைக்கும் ஒரு தகடு கொடுக்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். தினேஷ் போனின் கவரைக் கழற்றி, தகட்டை உள்ளே வைத்து, நன்றாக அழுத்தி மூடியது யார்?

நான்தான்.

சார்ஜருக்கும் போனுக்கும் நடுவில் செம்பு இருந்தால் செம்பு காயும் என்று எனக்குத் தெரியாது. நல்ல சார்ஜராக இருந்தால் அதுவே நின்றுவிடுமாம். என்னுடையது அவ்வளவு நல்லது இல்லை.

போனை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மார்பை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தேன். கலர் கொடுத்தார்கள், குடித்தோம். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ரப்பர் வாசனை. பலகாரம் தீய்கிறது என்று ஒரு அத்தை அடுப்படிக்கு ஓடினார். மாமா போனை எடுத்தார். "ஐயோ!" என்று கத்திக் கீழே போட்டார். கவர் பிரிந்து தகடு வெளியே விழுந்தது. திரை கறுப்பாகிவிட்டது.

"அம்மன் தகடு கொதிக்குதுடி!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சகுனம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தார்கள். வாணி நாற்காலியில் அசையாமல் என்னையே பார்த்தாள்.

எனக்கு மூளை நின்றுவிட்டது. மீன் கெடாமல் இருக்க என்ன செய்வோம்? ஐஸ் போடுவோம். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, விருந்துக்கு வாங்கிய வஞ்சிரம் இருந்த பெட்டியைத் திறந்து, இரண்டு வஞ்சிரத்துக்கு நடுவில் சொருகி, மேலே நொறுக்கிய ஐஸை அள்ளிக் கொட்டினேன்.

"யோவ், அது போனுய்யா!" என்று மாமா பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கு வந்த கோபத்தில் (இதைத்தான் அவர் எங்கேயும் சொல்வதில்லை) என் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பின்கதவைத் திறந்தார். சுற்றி ஒரு வீச்சு. அலைக்குள் போய் விழுந்தது. நல்ல வீச்சு, அதில் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு ஐஸிலிருந்து போனை எடுத்து, துடைத்து, வெற்றி வீரன் மாதிரி வயரைச் செருகினார். போன் கீச்சென்று கத்தியது. திரையில் ஒரு நீர்த்துளிப் படம். ஓட்டைக்குள் ஈரம் இருக்கிறது, வயரை உடனே எடு என்று எழுதியிருந்தது. ஊதினார். திரும்பச் செருகினார். திரும்பக் கத்தியது.

"காயறதுக்குள்ள நல்ல நேரம் பூடுமே," என்றான் தினேஷ். அன்று அவன் அதிகமாகப் பேசியது அதுதான்.

எனக்கு அப்போது உறைத்தது. "மாமா," என்றேன், "ஈரம் ஓட்டைலதான் கீது. பின்னாடி இல்ல. இப்போ இதுக்கு சார்ஜ் ஏத்தறதுன்னா வயரு இல்லாத சார்ஜர்தான் ஏத்தணும்."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.

அப்புறம் ஓடினோம். நான் புது வேட்டியில், அவர் பட்டு வேட்டியில். கடலில் விழுந்த சார்ஜர் கிடைத்தாலும் வேலை செய்யுமா என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து தடவினோம். தடவிக்கொண்டே சண்டை போட்டோம்.

"கம்பெனிக்காரன் இன்னா மடையனா? போனுக்குள்ள செம்புக் கம்பிச் சுருளு வெக்கணும், பின்னாடி கண்ணாடி வெக்கணும், வெலை ஏறும். அதனாலதான் சின்ன போனுக்கு லேட்டா வருது."

"லேட்டா வந்தா பரவால்ல மாமா. யாருக்கு முதல்ல வந்துச்சு, அதச் சொல்லுங்க. தண்ணில நிக்கறவனுக்கா, ஏசில நிக்கறவனுக்கா?"

"இப்போ நானும்தான்டா தண்ணில நிக்கறேன்!"

"அப்போ உங்களுக்கும் புரியணுமே!"

ஒரு பெரிய அலை வந்து அவரை உட்கார வைத்தது.

வீட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை, வாணி பிறகு சொன்னாள். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். "இதுங்க ரெண்டும் ஆவாது" என்று சொல்லி எழுந்து, சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, மாப்பிள்ளை போனில் குத்தி சிம்மை வெளியே எடுத்து, தன் போனில் போட்டிருக்கிறாள். தினேஷ் நம்பரில் வாட்ஸப்பைத் திறந்து, மெசேஜில் வந்த எண்ணை அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் கால் வந்துவிட்டது. மாமனார் முதலில் பார்த்த முகம் மருமகள் முகம். ஊக்கு இன்னும் அவள் பல்லில் இருந்ததாம். அந்த மனுஷன் கப்பல் சமையல் உடுப்பின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாராம். அவர் பார்க்கப் பார்க்கத் தட்டு மாற்றினார்கள்.

நாதஸ்வரப் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டதும்தான் நான் நிமிர்ந்தேன். பின்கதவில் எல்லோரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாணி போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். அதிலிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது.

"யாரு நைனா அது, பட்டு வேட்டி கட்டிகினு வலை இல்லாம மீன் புடிக்கறது?"

என் ஒரே தங்கையின் நிச்சயத்தில் தட்டு மாற்றியதை நான் பார்க்கவில்லை. ஆல்பத்தில் அந்தப் படத்தின் ஓரத்தில், திறந்த கதவுக்கு அப்பால், தண்ணீரில் குனிந்த இரண்டு முதுகுகள் தெரிகின்றன. இடது முதுகு என்னுடையது. சம்பந்தி கப்பலிலிருந்து ஊருக்கு வந்த அன்று வாசலில் கேட்ட முதல் கேள்வியே, "அந்த ரெண்டு மீனவருங்க எங்க?" என்பதுதான். எங்கள் இரண்டு வீட்டிலும் இன்று யாராவது எதையாவது தொலைத்துவிட்டுத் தேடினால், "வேட்டியத் தூக்கிக் கட்டிகினு தேடு" என்கிறார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். தகடு வைத்த கைக்கு அது தேவைதான்.

ஆனால் போன வாரம் செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். மாமா கடையின் கண்ணாடி அலமாரியில் வயர்களைக் காணோம். வட்ட வட்டமாக வயர்லெஸ் சார்ஜர் அடுக்கியிருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவரிடம், "நான் அப்பவே சொன்னேன் அண்ணாத்த, இனிமே இதான்" என்கிறார். என்னைப் பார்த்ததும் கல்லாவுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

வாணிக்கு வளைகாப்பு வருகிறது. மைக் செட் சொல்லியிருக்கிறோம். சம்பந்தியும் லீவில் வருகிறார். பாஸ்கர் மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டிக் கதையை அன்றைக்கு நானே எழுந்து சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம். நீங்கள் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என் சார்ஜரைக் கடலில் எறிவதற்கு முன்பே இது நல்ல பொருள் என்று உங்களுக்குத் தெரியுமா, இல்லை தண்ணீரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்ததா?