தண்ணியில கண்டம்

நூலகம் இருந்தது. தூதரக வாசலுக்கே போகும் பேருந்து இருந்தது. ஆனாலும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் முதலில் ஏறியது ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியைத்தான். மாடியில் விசா சித்தர் குடியிருந்தார்.

உறையில் போட்டு மூடிய பாஸ்போர்ட்டை நெற்றியில் ஒற்றிக்கொள்வார். காதில் விமானச் சத்தம் கேட்டால் விசா உறுதி. கேட்காவிட்டால் தடை. தடையை நீக்கப் பூஜை உண்டு. பூஜைக்குக் காணிக்கை உண்டு. ஒரே நிபந்தனை, பாஸ்போர்ட்டை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் சக்தி பறந்துவிடுமாம். விசா கிடைக்காமல் திரும்பி வருகிறவனிடம், "நடுவுல திறந்தியா?" என்று கேட்பார். விசா கேட்கப் போனவன் பாஸ்போர்ட்டைத் திறக்காமல் நெற்றியிலா ஒட்டிக்கொண்டு போவான்? "திறந்துட்டேன் சாமி" என்று குற்றவாளி போல ஒப்புக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்பான்.

அன்றைய வரிசையில் ஒரு சுங்க அதிகாரியும் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டையில் கஞ்சி குறையாத மனிதர். பணியில் இருந்த காலமெல்லாம் மூடிய பெட்டி எதையும் நம்பியதில்லை. மந்திரி வீட்டுப் பெட்டியானாலும் "திற" என்பதுதான் அவருடைய முதல் சொல். அப்பேர்ப்பட்டவர் இன்று மூடிய புத்தகத்தைப் படிக்கும் ஆசாமியிடம் கை கட்டி நிற்க வந்திருந்தார்.

காரணம் இருந்தது. மறுநாள் மகளுக்குத் தூதரகத்தில் நேர்காணல். மகள் மேற்படிப்புக்குப் போகிறாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மைத்துனர் மட்டும், "கிடைக்கட்டும் அத்தான், பாக்கலாம்" என்று இழுத்திருந்தார். அந்த இழுவை அதிகாரியின் தூக்கத்தைக் கெடுத்தது. போதாததற்கு, வேடிக்கை பார்க்க அதே மைத்துனர் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம குடும்பத்துல யாரையும் யாரும் வேண்டாம்னு திருப்பி அனுப்புனது கிடையாதும்மா" என்றார் அதிகாரி, பக்கத்தில் இருந்த மகளிடம்.

"அதுக்கு நான் நல்லாப் பதில் சொல்லணும்ப்பா. இவரு நெத்தி என்ன செய்யும்?"

"சுவரப் பாரு. விசா வாங்குனவங்க படம் எத்தனை!"

"வாங்காதவங்க படத்தை எந்தச் சுவர்ல மாட்டியிருக்காங்க?"

அதிகாரி இருமினார். மகள் வர ஒப்புக்கொண்டதே ஒரு பேரத்தின் பேரில்தான்: பாஸ்போர்ட் உறையை அவள் கையால்தான் கொடுப்பாள்.

தண்ணீர்ச் செம்போடு ஒரு பெண் வந்தாள். "எந்த நாடும்மா? என்ன படிப்பு?" என்று பெற்ற தாய் மாதிரி விசாரித்தாள். மகளும் ஒளிக்காமல் சொன்னாள். செம்பு பாதி நிறைந்திருக்கும்போதே அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க, சித்தரின் முதுகுப்பக்கம் தொங்கிய திரைக்குப் பின்னால் போனாள். அதிகாரியின் பழைய கண் அதைக் கவனித்தது. புதிய பக்தி அதை மறந்துவிடச் சொன்னது.

முறை வந்தது. சித்தர் உறையை நெற்றியில் வைத்தார்.

"பொண்ணு. குளிர் நாடு. மருந்து சம்பந்தமான படிப்பு."

கூட்டம் 'ஆ' என்றது. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா விமானச் சத்தம் இல்ல. ஏதோ சுத்துது. இதுக்குத் தண்ணியில கண்டம் இருக்கு. இன்னைக்கே பெரிய பூஜை செஞ்சாகணும்."

அதிகாரியின் கை சட்டைப் பைக்குப் போனது.

"இருங்கப்பா" என்றாள் மகள். "சாமி, இது யாரோட பாஸ்போர்ட்டுன்னு உறுதியாத் தெரியுதா?"

"உன் முகமே உள்ள தெரியுதும்மா."

"அப்ப ஒரு தடவை திறந்து எல்லாருக்கும் காட்டலாமா?"

சித்தரின் முகம் கறுத்தது. "திறந்தா விசா கிடையாது. குடும்ப மானம் சந்தி சிரிக்கும்."

"விட்டுடுங்க அத்தான்" என்றார் மைத்துனர். "எதுக்கு வம்பு?"

மானம் என்ற சொல் அதிகாரியின் முதுகெலும்பில் போய்த் தட்டியது. அவர் மானத்துக்குப் பயப்படுகிறவர்தான். ஆனால் திறக்காதே என்று அவரிடம் சொன்னவன் ஒவ்வொருவனும் உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருந்தவன். எழுந்தார். கையை நீட்டினார்.

"திற."

சித்தர் அசையவில்லை. அதிகாரியே உறையை வாங்கிப் பிரித்தார். உள்ளே இருந்தது துணி துவைக்கும் மெஷினின் உத்தரவாதப் புத்தகம்.

"எங்க வீட்டு மெஷினுக்கு மேற்படிப்பு ஆசை இருக்குன்னு எனக்கே தெரியாது சாமி" என்றாள் மகள். கைப்பையிலிருந்து உண்மையான பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அடுத்து, "என் காணிக்கைய எடுத்து வை" என்று ஒரு குரல். பிறகு பல குரல்கள். செம்புப் பெண் திரைக்குப் பின்னால் போனாள். இந்த முறை திரும்பி வரவில்லை.

படி இறங்கும்போது மைத்துனர் மெல்லக் கேட்டார். "ஆனாலும் அத்தான், தண்ணியில கண்டம்னு மெஷினுக்குச் சரியாத்தானே சொன்னாரு?"

அதிகாரி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் போய் உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. குடுத்தா வாங்கிக்க. இல்லேன்னா நிமிர்ந்து நடந்து வா. அதுல நமக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல."

மாடி இப்போது காலியாக இருக்கிறது. அடுத்த தெருவில் கைரேகை பார்த்துக் கல்லூரி சொல்லும் ஒருவர் வந்திருக்கிறாராம்; மைத்துனர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும். புத்தியைப் பூட்டி வைத்துப் பாருங்கள், எவனாவது ஒருவன் சாவியோடு வந்து சேர்வான்.