முட்டும் குஞ்சும் சுற்றும் குஞ்சும்

அன்புள்ள சின்னவனுக்கு, அக்கா ஆசிகளுடன் எழுதுவது. நான் சுகம். நீ சுகம் என்று உன் மனைவி போனில் சொல்லிவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிக்கா, சரிக்கா" என்று ஒன்பது தடவை சொல்லிவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது.

போன வாரம் நான் ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரிவுபசார விழாவுக்கும் நீ வரவில்லை. எதற்குக் கூப்பிட்டாலும் மூன்று வருடமாக ஒரே சாக்கு: "நேர் ரயிலை நிறுத்திட்டாங்கக்கா, நான் என்ன பண்ணட்டும்?" போகட்டும், எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோழிக்குஞ்சுகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முப்பத்தோரு வருடம் ஆராய்ச்சிக் கூடத்தில் தீனி போட்டுக் கூண்டு கழுவியதற்கு, ஆராய்ச்சி முடிந்த ஆறு குஞ்சுகளைப் பேராசிரியை அம்மா பரிசாகக் கொடுத்தார். மூன்று, பொரித்த நாளிலிருந்து மறைப்புக்கு மரத்தட்டிகள் நிறுத்திய கூண்டில் வளர்ந்தவை. தட்டிக்குப் பின்னால் போய்ப் போய் வந்தவை. மற்ற மூன்றும் வெறுங்கூண்டில் வளர்ந்தவை. வீட்டுக்கு வந்த அன்றே வித்தியாசம் தெரிந்துவிட்டது. தட்டிக்குஞ்சுகள் கட்டிலைச் சுற்றி, கதவிடுக்கில் புகுந்து, படியிறங்கி, கீழே வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குளியலறைக்குள் போய்விட்டன. மனுஷன் துண்டோடு மேலே ஏறிவந்து, "இந்த வீட்டுல ஒண்ணு கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார். சொந்த வீடு என்பதையே மறந்துவிட்டார், பாவம். வெறுங்கூண்டுக் குஞ்சுகளோ பால்கனிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீனித் தட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை முட்டி முட்டி ஊரைக் கூட்டின. ஒரு முழம் தள்ளிக் கதவு திறந்தே கிடக்கிறது! தீனிக்கு முதுகைக் காட்டி நாலடி நடந்தால் தீனி கிடைக்கும் என்று அதுகளுக்குத் தெரியவில்லை. அதில் ரொம்ப முட்டுகிற ஒன்றுக்கு மக்கு என்று பெயர் வைத்தேன். முதலில் உன் பெயரைத்தான் வைக்க நினைத்தேன்.

ஏன் இப்படி என்று பேராசிரியை அம்மாவிடம் கேட்டேன். "மறைவுக்குப் பின்னாடி போனது அங்கதான் இருக்கும், சுத்திப் போனா கிடைக்கும்னு அதுங்க சின்னதுல பாத்ததே இல்லையே, எப்படித் தெரியும்?" என்றார்.

அதைக் கேட்டதும் நம் ஒற்றை அறை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்பா நட்டநடுவில் இரும்பு பீரோவை நிறுத்தி, "முன்னாடி ஹாலு, பின்னாடி அடுப்படி" என்று ஒரே நாளில் நம்மை இரண்டறைக்காரர்கள் ஆக்கினாரே! அம்மா ஆலைக்குப் போய்விடுவாள். எனக்குப் பத்து வயது, உனக்கு ஒன்று. நான் அடுப்பைப் பார்க்கப் பின்னால் போனால் நீ பீரோவைத் தலையால் முட்டி அழுவாய். அதிலிருந்த பள்ளம் உன் மண்டையால் வந்தது என்று அப்பா கடைசிவரை சாதித்தார். நான் ஒரு கையை மட்டும் நீட்டி, "அக்கா எங்கே? சுத்தி வாடா!" என்பேன். பத்தே நாளில் தவழ்ந்து சுற்றி வந்தாய். வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தாயே, அதற்காகவே ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒளிந்தேன். அடுப்பில் இருந்ததெல்லாம் தீய்ந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். அந்த அடி இப்போதுகூட இனிக்கிறதடா.

ஆக, நீ தட்டிக்குஞ்சு. அப்படி வளர்ந்தவன் நேர் ரயில் இல்லேன்னு மூணு வருஷமா முட்டிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல? எனக்கு முதுகைக் காட்டி வடக்கே போகிற வண்டியில் ஏறு, ஜங்ஷனில் இறங்கு, வேறு வண்டி பிடி, அப்புறம் ஒரு பஸ். அவ்வளவுதான். நீ இங்கே வரும்வரை உன் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன். இது சத்தியம்.

பிள்ளைகளுக்கு முத்தம். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்குப் பாதி ஆசிதான்; மீதி நேரில்.

இப்படிக்கு,
கோபமே இல்லாத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மக்கு மறுபடி முட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மூன்று வருடத்தில் நானும்தானே உன் வீட்டுக்கு வரவில்லை? சுற்றி வர உனக்குக் கற்றுக்கொடுத்தேனே தவிர, நான் என்றைக்குச் சுற்றி வந்தேன்? பீரோவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டதோடு சரி. அதனால் இதைத் தபாலில் போடவில்லை. மக்குவைக் கூடையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன்: தப்பான பஸ், சரியான பஸ், ஒரு வண்டி, ஜங்ஷன், வேறு வண்டி. இப்போது கதவுக்கு அடியில் இதைத் தள்ளுவது நான்தான். மணியடிக்க வெட்கமாக இருக்கிறது. சத்தியத்தை மீறவில்லை, படிக்கு வெளியேதான் நிற்கிறேன். கூடையில் மக்கு கத்துவது கேட்கலையா? அக்கா எங்கே? சுத்தியெல்லாம் வர வேண்டாம், கதவைத் திறடா.