கம்பியின்றி அச்சிடப்பட்டது

நாகரிகம் வளர வளர முதலில் ஒழிய வேண்டியது ஒயர்தான் என்பது பொதுச் சீரமைப்புத் துறை இயக்குநர் அவர்களின் தீர்க்கமான முடிவு. அவர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பது அவருக்கு அவ்வளவாக நினைவில்லை. ஆனால் மேசைகளின்மேல் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படவில்லையாம். அது அவர் மனத்தைத் தொட்டுவிட்டது. வந்து இறங்கிய கையோடு 'கம்பியில்லாத் துறை' என்னும் மாபெரும் திட்டத்தை அறிவித்துவிட்டார்.

அந்தத் துறை எதைச் சீரமைக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல ஒரு பிரிவு ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயம்தான். எப்படியோ, திட்டம் அமலுக்கு வந்தது. மேசை விசிறிகள் அகற்றப்பட்டன. ஊழியர்கள் கோப்புகளை எடுத்து விசிறிக்கொண்டார்கள். கோப்புகள் முன்னைவிட வேகமாக நகர்வதாக இயக்குநர் மகிழ்ச்சி தெரிவித்தார். தன் மேசையில் இருந்த அழைப்பு மணியும் ஒயரில்தான் ஓடுகிறது என்று தெரியவந்ததும் அதையும் கழற்றிவிட்டுக் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் கைதட்டும்போதெல்லாம் பாராட்டு விழா என்று நினைத்துப் பக்கத்து அறைக்காரர்களும் தட்டினார்கள்.

இந்தத் திட்டத்துக்கான சுற்றறிக்கையை எழுதியவர் என் மாமா. அதாவது என் அக்காவின் கணவர், சுற்றறிக்கைப் பிரிவின் தலைவர். தங்கமான மனுஷன். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: தான் எழுதியதைத் தானே நம்புவார்.

"துறைக்குச் சமர்ப்பிக்கப்படும் எந்தவொரு தாளும், கம்பி, வடம், கயிறு அல்லது அவற்றையொத்த பிணைப்பு எதுவுமின்றி, விண்ணப்பதாரரின் இல்லத்திலேயே அச்சிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். அதன் அடியில் 'கம்பியின்றி அச்சிடப்பட்டது' என விண்ணப்பதாரர் உறுதியளித்துக் கையொப்பமிடுதல் வேண்டும்."

இதில் கயிறு எதற்கு வந்தது என்று கேட்டேன்.

"ஓட்டை விடக்கூடாது மாப்ள. நாளைக்கு ஒருத்தன் கயிறு கட்டி அடிச்சுட்டு வந்தா?" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று மாலையே பால்கனியில் துணி காயப்போடும் கம்பியையும் அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டில் கம்பி வைத்திருக்கலாமா? அதன்பிறகு அவருடைய பேன்ட்டுகள் சோபாவில் உட்கார்ந்து காய்ந்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவும் அதே துறைதான். ஆனால் அவளுடைய கிளை, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் இருக்கிறது. கல்யாணம் ஆன மறுமாதம் அங்கே தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து விடுதி அறையில் தனி வாசம். கிடைக்கிற லீவில் ஓடி வருவாள், வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பி ஓடுவாள். வாராது வந்த மாமணியாக இங்கே தலைமையகத்தில் இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. மதியம் மூன்று மணிக்கு விண்ணப்பத் தாளோடு நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று துறைக்கே தெரியாது. விண்ணப்பம் லேப்டாப்பில் தயார். அதை அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று காலையிலேயே மாமாவிடமிருந்து போன். "மாப்ள, புது பிரிண்டர் வந்திருக்கு. வைஃபையில சேர மாட்டேங்குது. உடனே வா."

நான் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். ஆனால் எங்கள் குடும்பத்தில் போனில் எழுத்தைப் பெரிசாக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கம்ப்யூட்டர் நிபுணர்.

போனேன். கூடத்து நடுவில் பிரிண்டர் வீற்றிருந்தது. தலையில் ஒரு நீல விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. மாமா அதன் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, விளக்கம் கேட்கும் தோரணையில் உட்கார்ந்திருந்தார். அக்கா ரயிலிலிருந்து இறங்கி வந்த புடவைகூட மாற்றாமல் நின்றாள்.

பிரிண்டரின் பின்னாலிருந்து சுவருக்குப் போன மின்சார ஒயரைப் பார்த்தேன். "மாமா, இது ஒயர்தானே?"

"அதுக்கு விளக்கம் கேட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"என் பிரிவுகிட்ட."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. பரிசீலனையில இருக்குன்னு நானே எழுதி அனுப்பிட்டேன்."

பிரிண்டரின் குட்டித் திரையில் எழுத்து ஓடியது: இணைப்பு தோல்வி. நிர்வாகியை அணுகவும்.

"நிர்வாகி யாரு மாமா?"

"நான்தான்" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிண்டர் எழுந்து வந்து தன்னை அணுகும் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அது வரவில்லை.

"சரி, பாஸ்வேர்டு சொல்லுங்க, நான் போடறேன்."

மாமா ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். அக்காவைப் பார்த்தார்.

"நான் வேணா வெளியில போய் நிக்கட்டுமாங்க?" என்றாள் அக்கா. அந்தக் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது, மாமாவுக்குப் புரியவில்லை.

"பரவாயில்ல, இரு" என்று பெருந்தன்மையோடு அனுமதித்துவிட்டு என் காதருகே குனிந்தார். "தங்கள் மேலான கவனம் பணிவுடன் ஈர்க்கப்படுகிறது."

"சரி மாமா, கவனிக்கறேன். பாஸ்வேர்டு?"

"அதான் பாஸ்வேர்டு. முழுக்க இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம. கடைசியில ஒரு முற்றுப்புள்ளி. நம்ம பிரிவுலேர்ந்து முற்றுப்புள்ளி இல்லாம எதையும் வெளிய அனுப்பறதில்ல."

அந்தப் பிரிண்டரில் எழுத்துப் பலகை கிடையாது. மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஆரம்பத்திலிருந்து ஏறிக்கொண்டே போக வேண்டும். 'தங்கள்' முடியவே விரல் மரத்துவிட்டது. 'மேலான'வில் இரண்டு படி கூட ஏறிவிட்டேன், மறுபடி இறங்கினேன். 'பணிவுடன்' வரும்போது நிஜமாகவே பணிந்துவிட்டேன், இடுப்பு வலி. 'ஈர்க்க' என்ற இடத்தில் திரை இருண்டது. பிரிண்டர் தூங்கிவிட்டது. எழுப்பினால் முதலிலிருந்து.

"வேலை நேரத்துல தூங்கறான், எழுப்பினா ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கறான்" என்றார் மாமா, கொஞ்சம் மரியாதையோடு. "நல்ல பயிற்சி எடுத்திருக்கான்."

"பாஸ்வேர்டைச் சின்னதா மாத்திடலாமே?"

"காலாண்டுக்கு ஒருமுறைதான் மாத்தணும்னு எழுதியிருக்கேனே!"

"நீங்கதானேங்க எழுதினீங்க?" என்றாள் அக்கா.

"அதனாலதான் மீற முடியல."

அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடற?"

"சர்க்கரை. எந்த டப்பாவுல என்ன இருக்குன்னே தெரியலடா. இது என் வீடு, எனக்கே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு விட்டா இப்படியேதான்டா ஓடும்."

பிரிண்டரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு வழி இருந்தது. ரௌட்டரில் ஒரு பொத்தான், பிரிண்டரில் ஒரு பொத்தான். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால் பாஸ்வேர்டே வேண்டாம், தானாகச் சேர்ந்துகொள்ளும். கூடத்துக்கு ஓடினேன்.

"மாமா, ரௌட்டர் எங்க இருக்கு?"

"பீரோவுல."

"எதுமேல?"

"மேல இல்ல, உள்ள. பூட்டி வெச்சிருக்கேன். 'வலையமைப்புக் கருவிகள் பூட்டும் சாவியுமாகப் பாதுகாக்கப்படல் வேண்டும்.' பத்தி ஏழு."

படுக்கையறையில் இருந்த அந்த இரும்பு பீரோவைப் பார்த்தேன். இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. பட்டுப் புடவைகளுக்கு மட்டும் வைஃபை பிரமாதமாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கும்.

மணி ஏறிக்கொண்டிருந்தது. ரொம்பக் கெஞ்சிய பிறகு மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டு ரௌட்டரின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டார். நான் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவாசலில் நின்றேன். பிரிண்டர் பக்கம் அக்கா.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்வேன்! மூணுல ரெண்டு பேரும் அமுக்கணும்!" என்று பீரோவுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"சரிங்க" என்றாள் அக்கா.

"ஒண்ணு!"

அக்கா பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைத் துழாவினாள். பாலிதீன் பையில் சுருட்டி வைத்த ஒரு ஒயர் இருந்தது.

"ரெண்டு!"

ஒரு முனையைப் பிரிண்டரில் செருகினாள், மறுமுனையை லேப்டாப்பில். பையைப் பல்லாலேயே கிழித்திருந்தாள்.

"மூணு!"

பிரிண்டர் கர்ரென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளை இழுத்தது. மாமா தலையில் ஒரு முந்தானையோடு ஓடி வருவதற்குள் ஒயர் அக்காவின் இடுப்பில் செருகப்பட்டிருந்தது. மாமா சூடு ஆறாத அந்தத் தாளை இரு கையாலும் ஏந்திக்கொண்டார். அவர் கண் கலங்கியது.

"காத்துல வந்திருக்கு மாப்ள! பார்த்தியா? நான் எழுதினது வீண் போகல!"

அடியில் 'கம்பியின்றி அச்சிடப்பட்டது' என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். நேரில் கண்ட சாட்சியாக மாமாவும் போட்டார். அவர் கையெழுத்தில் ஒரு பொய்யும் இல்லை.

கலந்தாய்வுக் கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. சொந்த மனைவியின் விண்ணப்பத்தில் தலையிட்டதாகப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று மாமா வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாளின் கைப்பையிலிருந்து ஒரு ஒயர் நுனி எட்டிப் பார்த்தது. அதை அவரிடமிருந்து இரவல் வாங்கிப் போக அடுத்த தெருக்காரர் வந்திருந்தார்.

கலந்தாய்வு அதிகாரி அக்காவின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டு ஒயர் நீளமாம்மா?"

அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"பயப்படாதீங்க. எங்க வீட்ல குட்டை. தரையில குப்புறப் படுத்துத்தான் அடிக்க வேண்டியிருக்கு." பெருமூச்சோடு முத்திரையைக் குத்தினார். "இடமாறுதல் வழங்கப்படுகிறது. அடுத்தவங்க வாங்க!"

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது. அக்கா எல்லா டப்பாக்களையும் கவிழ்த்துக் கழுவி, பெயர் எழுதி ஒட்டினாள். பால்கனியில் மறுபடி கம்பி கட்டச் சொன்னாள். மாமா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

அக்கா இங்கே வேலையில் சேர்ந்த வாரத்திலேயே இயக்குநரின் மேசைக்கு ஒரு அறிக்கை போனது. கலந்தாய்வுக்கு வந்த தாள்கள் அத்தனையும் கம்பியின்றி அச்சிடப்பட்டவை. ஒரு புகார்கூட இல்லை. ஒருவர்கூடத் தோற்கவில்லை. இயக்குநர் பலமாகக் கைதட்டினார். இம்முறை நிஜமாகவே பாராட்டுவதற்கு. இவ்வளவு மகத்தான வெற்றியைத் தலைமையகத்தோடு நிறுத்திவிடுவது நியாயமா? கிளைகளுக்கும் கொண்டுபோக வேண்டாமா? யார் கொண்டுபோவது? சுற்றறிக்கையைத் தாமே எழுதி, தம் இல்லத்திலேயே நிறைவேற்றி, சாட்சிக் கையொப்பமும் இட்ட மாமனிதர் ஒருவர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

மாமாவுக்கு ஆணை வந்தது. கம்பியில்லாப் பயிற்சிக்கான சிறப்பு அலுவலர். இடம்: அக்கா விட்டுவிட்டு வந்த அதே ஊர். அவள் காலி செய்த அதே விடுதி அறை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் அந்த ஒயரை எடுத்து வந்து மாமாவின் முன்னால் வைத்தாள். "இதுலதாங்க அடிச்சேன். நான் மட்டும் இல்ல, எல்லாரும்."

மாமா ஒயரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். இதை வெளியே சொன்னால் அவர் போக வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் இடமாறுதல் ரத்து, அவள் திரும்பிப் போக வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா இருக்கலாம், இவர் போக வேண்டும். பத்தி பத்தியாக யோசித்துப் பார்த்தார். எந்தப் பத்தியிலும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இல்லை.

"ஆணையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு விண்ணப்பம் போடுங்க மாமா" என்றேன்.

எழுதினார். அச்சடிக்க வேண்டும். கூடத்தில் நீல விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. படுக்கையறை பீரோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த ஒயரைக் குடு மாப்ள."

'கம்பியின்றி அச்சிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் அக்காவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டோம்.

துறையின் வரலாற்றிலேயே முதல்முறையாக மறுநாளே பதில் வந்தது.

"தங்கள் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. அது கம்பியின்றி மிகச் சிறப்பாக அச்சிடப்பட்டிருப்பதால், தங்கள் திறமை கிளை அலுவலகத்துக்கு இன்றியமையாதது என்பது ஐயமற நிரூபணமாகிறது. உடனே புறப்படவும்."

வழியனுப்ப நாங்கள் இருவரும் ரயிலடிக்குப் போனோம். பிரிண்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் பையின் இடதுபக்கம் இருக்கிறது, எண்ணெய் பாட்டிலை நேராக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. மாமா தலையை நீட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். கூடவே நடந்தேன்.

"மாப்ள, உங்கக்கா பையில அந்த ஒயரை வெச்சிருக்காளா?"

"வெச்சிருக்கா மாமா. சட்டைக்கு அடியில."

"அப்பாடா" என்றார். "அது இல்லாம அங்க போய் நான் எதை வெச்சுச் சொல்லிக் குடுக்கறது?"