மூன்றாம் உலையின் இரண்டாவது கை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நான் நலம், கணினியும் நலம். நீங்களும் என் மகளும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று சொன்ன கையோடு அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, பிரித்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் நம் தொழிற்சாலை. ஊர் மாறிப் போகும்போது, எனக்குப் பொழுது போகட்டும் என்று நீங்கள் கணினியில் போட்டுக் கொடுத்த விளையாட்டு. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நீங்கள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் உள்ளே நுழைந்து நாற்பது உலை கட்டினோம். ஒரே பெல்ட்டில் இரும்புத் தாதுவும் கரியும் கலந்து வரும், உலைக்கு இரண்டு இயந்திரக் கை, ஒன்று தாதுவை மட்டும் எடுத்துப் போடும், மற்றது கரியை மட்டும். நான் பாட்டில் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சரக்கு ஏற்றும் பிரிவுக்கு மேற்பார்வையாளன், ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆள் நின்றால் என் கண் பொறுக்காது. உங்களைக் கேட்காமல் உலைக்கு ஒரு கையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சக் கைகளை எது வந்தாலும் எடுக்கும்படி மாற்றினேன். இதில் என்ன தப்பு?

"மாமா, அதுல ஏன் கை வச்சீங்க? அடைச்சுக்கும்."

"ஒரு தடவகூட சரக்கு ஏத்தாத ஆள் கட்டுன மாதிரி இருக்கு மாப்ளே இது."

"சரி மாமா. நீங்களே பாத்துக்குங்க."

அதோடு போனவர்தான். பதினோரு ஞாயிறு ஆகிறது.

அடைத்துக்கொண்டது வாஸ்தவம். உலைக்குள் தாது நிரம்பி வழிகிறது, வேண்டியது கரி, ஆனால் அந்தக் கை தாதுவைப் பிடித்துக்கொண்டு கீழே வைக்கவும் மாட்டேன் என்று நீட்டியபடி நிற்கிறது, கரி அதன் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அதனால் நாற்பது உலைக்கும் நானே நடந்து நடந்து கரி போடுகிறேன், நாற்பதாவதுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் உலை அணைந்துவிடுகிறது, மறுபடி ஓடுகிறேன், இதற்கு நடுவில் உங்கள் மனைவி கூப்பிடுகிறாள்.

"சாப்டீங்களாப்பா?"

"இருபத்தேழாவது உலைல இருக்கேன். அப்புறம் பேசு."

"வெளில போய் நாலு பேரப் பாருங்கப்பா."

எந்த நாலு பேர் என்று அவள் சொல்லவில்லை.

இன்னொன்று. அன்று நீங்கள் வெளியேறியபோது, விளையாட்டுக்குள் நீங்களாக நடமாடும் அந்தப் பொம்மை மூன்றாம் உலைப் பக்கத்தில் மஞ்சள் தொப்பியோடு நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது. அந்த விளையாட்டில் மழை வேறு பெய்கிறது. நனைந்தால் பொம்மைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாலு தூண் நட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறேன். இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தளவாடங்களைக் காப்பது மேற்பார்வையாளன் கடமை. போகும்போதும் வரும்போதும் உங்களிடம் நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அதுவும் கடமைதான்.

முடிவாகச் சொல்கிறேன், கோளாறு உங்கள் அமைப்பில், என் சிக்கனத்தில் இல்லை. வந்து திருத்துவது உங்கள் பொறுப்பு. நான் இறங்கி வரமாட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். நேற்று மத்தியானம், கழற்றிய கைகளையெல்லாம் நீங்கள் வைத்திருந்தபடியே திரும்ப மாட்டிவிட்டேன். எல்லாம் தானாக ஓடுகிறது. அங்கே எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் உலைக்கு மட்டும் இரண்டாவது கையை மாட்டவில்லை. உங்கள் காலடியில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பத்து மணி.