இராஜாங்கம் கட்டிய ஆபீஸ்

தஞ்சாவூர்ச் சீமையில் பேசத் தகுந்த கட்டடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று பெரிய கோயில். மற்றது என் மகன் இராஜாங்கம் எங்கள் கார் ஷெட்டுக்குள் கட்டிய ஆபீஸ். கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறது. ஆபீஸ் ஒரு மழைக்காலம்கூட முழுசாக நிற்கவில்லை. ஆனால் கோயில் கட்டிய ராஜாவிடம் யானை இருந்தது, சிற்பி இருந்தான், பொக்கிஷம் இருந்தது. என் மகனிடம் ஒரு செல்போனும் அதில் ஒரு வெள்ளைக்காரன் பேசுகிற வீடியோவும்தான் இருந்தன. யார் பெரியவர் என்பதை இதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோய் வந்த வருஷம் சென்னையில் அவன் கம்பெனியைப் பூட்டிவிட்டு, அவரவர் வேலையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இராஜாங்கம் வேலையோடு காரையும் கொண்டுவந்தான். காருக்காக வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு ஷெட் கட்டினோம். மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர். எங்கள் தெருவில் கூரை வீடே பாதி. காருக்கு மட்டும் சுவர் வைத்துக் கட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கூச்சமும்.

வேலை என்றால் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுவதுதான். அந்தப் பக்கம் பேசுகிறவர் ஹமீதா பானு, அவனுக்கு மேலதிகாரி. அந்த அம்மாளைத் தோளுக்குக் கீழே நான் பார்த்ததில்லை. இருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

"இராஜாங்கம், உங்க பின்னாடி யாரோ யாரையோ திட்டுறாங்க" என்றார் ஒரு நாள்.

"எங்கம்மா மேடம். ஆட்டைத் திட்டுறாங்க."

"ஆடு மீட்டிங்ல இருக்கா?"

"வெளில இருக்கு மேடம். அம்மா குரல் மட்டும்தான் உள்ள வருது."

என் மனைவி அம்சத்தின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு இந்தக் கரையில் அவள் கூப்பிட்டால் அந்தக் கரையில் நடவு நடுகிற பெண்கள் "என்னா அம்சம்" என்பார்கள். அப்படிப்பட்ட குரலை ஒரு கம்பெனி தாங்காது. தனியாக, சத்தமே வராத ஓர் அறை வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக்கே திரும்பி வந்து சேருங்கள் என்று அந்த அம்மாள் மிகவும் பணிவாகச் சொல்லிவிட்டார். இராஜாங்கம் அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளினான்.

இங்கே என் நெல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா ஐயாவு கொடி பிடித்து, அடி வாங்கி, நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் பிடித்த மிராசு நிலத்தில் ஒரு துண்டுக்குப் பட்டா வாங்கினார். அதில் குறுவைக்கு ஆடுதுறை முப்பத்தாறு நெல் போட்டு அறுத்து மூட்டை பிடித்து வாசலில் அடுக்கி, படுதா போட்டு மூடியிருந்தேன். அந்த நெல் விலை போனால்தான் சம்பா நடவு. போகாவிட்டால் வயல் தரிசு. வியாபாரிக்குப் போட மாட்டேன். அவன் தராசில் நெல்லோடு அவன் கட்டைவிரலும் ஏறும். ஆகவே அரசாங்கக் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும் என்று காத்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தைக் குறை சொல்கிறவன் நன்றி கெட்டவன். அங்கே ஒரு மேசை இருக்கிறது, ஒரு தராசு இருக்கிறது, தலைக்கு மேலே ஆகாயம் இருக்கிறது. நெல்லை வைக்கக் கிடங்கு கட்டுவதற்கு அடிக்கல் மட்டும் இரண்டு இருக்கிறது. ஒன்று அந்தக் கட்சி ஆட்சியில் நட்டது, மற்றது இந்தக் கட்சி ஆட்சியில் நட்டது. இரண்டுக்கும் நடுவில் இடம் புறம்போக்கா, கோயில் நிலமா என்று ஒரு வழக்கு. வழக்கு முடிகிற வரை ஒரு கல்லில் கொக்கும் மறு கல்லில் காக்காயும் உட்காருகின்றன. கொக்கு எந்தக் கட்சி என்று நான் விசாரிக்கவில்லை. எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால் "சாக்கு வரலை" என்பார்கள். அதுதான் அவர்கள் சாக்கு.

காரை வெளியே தள்ளிய இராஜாங்கம் வானத்தைப் பார்த்தான்.

"அப்பா, மழை வரும்போல இருக்கு. படுதாவக் காருக்கு எடுத்துக்கவா?"

"நெல்லு?"

"நெல்லு எப்பவும் தண்ணியிலதானேப்பா நிக்கிது."

படித்த பிள்ளை. படுதா காருக்குப் போயிற்று. நெல் நனையக்கூடாது என்பதால் ஷெட்டுக்குள் போயிற்று. இப்போது ஷெட்டுக்குள் ஆபீஸ் வர வேண்டும், மூட்டையும் இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் வீடியோவில் இதற்கு வழி இருந்தது. இரண்டு பலகைச் சுவர் எழுப்பி, நடுவில் கம்பளி மாதிரி ஒன்றைத் திணித்தால் சத்தம் வராதாம். கம்பளிக்கு எங்கே போவது? திருத்துறைப்பூண்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற லியாகத் அலியிடம் போனோம். வளைகுடாவில் வெகுகாலம் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதிலும் பில்லும் தயாராக இருக்கும்.

"கம்பளியெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்குத் தம்பி. நம்மூருக்குக் கனமா ஒரு சரக்கு இருந்தா போதும். சத்தம் அதுல முட்டி நிண்டுரும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "மத்தியானத்துல மூட்டைக்குப் பின்னால படுத்துக்கிட்டா அம்சம் கூப்புடுறது எனக்குக் கேக்குறதே இல்ல பாய்."

"கேட்டும் கேக்காத மாதிரி இல்லியேண்ணே?"

"சத்தியமா இல்ல."

லியாகத் அலி கையைத் தட்டினார். "அப்ப முடிஞ்சு போச்சு. நெல்லுக்கும் பாதுகாப்பு, தம்பிக்கும் ஆபீஸு. ஒரே சுவத்துல ரெண்டு வேலை." கையோடு பிளைவுட், ஆணி, ஒரு பழைய ஜன்னல் ஏசி எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன.

கட்டுமானம் தொடங்கியது. தச்சரைக் கூப்பிடலாம் என்றேன். "எல்லாம் நானே செய்யுறதுதான்பா இதுல விசேஷம்" என்றான். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்க வேண்டுமாம். நின்றது, அவன் ரசமட்டத்தைச் சாய்த்துப் பிடித்தபோது. மேசையை உள்ளேயே வைத்து ஆணி அடித்தான். பிறகு கதவு வைத்தான். கதவு பாதி திறந்ததும் மேசையில் இடித்து நின்றது. அதனால் ஆபீசுக்குப் போகிறவர்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போக முடியும். நானும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். திரும்பி வர இரண்டு பேர் இழுத்தார்கள்.

நான்கு பக்கமும் மூட்டைகளை அடுக்கி, முன்னும் பின்னும் பிளைவுட் அடித்து, மூட்டை கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டான். வெள்ளைப் பெயின்ட் அடித்தான். நடுவில் உட்கார்ந்து, "அம்மாவக் கூப்புடச் சொல்லுங்க" என்றான். அம்சம் வெளியே நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். எதிர்க்கரையிலிருந்து "என்னா அம்சம்" என்றார்கள். ஆபீசிலிருந்து பதிலே இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பொறாமையாக இருந்தது. அப்படி ஓர் அறை எனக்குக் கல்யாணமான புதிதிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

ஏசியை லியாகத் அலியே வந்து மாட்டினார். முகப்பு மட்டும் அறைக்குள்ளே தெரிந்தது. மிச்சமெல்லாம் மூட்டைகளுக்குள்.

"தண்ணி எங்க போவும் பாய்?" என்றேன்.

"எங்க போனா என்னண்ணே. அங்க நான் மாட்டுன ஏசியெல்லாம் எந்தப் பக்கம் ஒழுகும்னு யாரும் கேட்டதே இல்ல. மணல்ல விழும், காஞ்சிரும்."

"இங்க மணல் இல்லியே பாய்."

"அதான் சொல்றேன், இங்க இன்னும் சுளுவு."

அவர் சொன்ன விதத்தில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆபீஸ் அமோகமாக நடந்தது. ஒரே ஒரு குறை, அறை வரவரச் சூடாகிக்கொண்டே போயிற்று. இராஜாங்கம் ஏசியை இன்னும் குளிராக வைத்தான். இன்னும் சூடாயிற்று. இன்னும் குளிராக வைத்தான். "கம்ப்யூட்டர் சூடுப்பா" என்றான். புளித்த கஞ்சி மாதிரி ஒரு வாசனையும் வந்தது. "பெயின்ட் வாசனை" என்றான். அறுபது வருஷமாக விதை கட்டுகிறவன் நான். ஊறின நெல்லை மூட்டையில் கட்டி மூடினால் உள்ளே கொதிக்கும், இதே வாசனைதான் வரும். அதை மூக்கில் வைத்துக்கொண்டே "ஆமாப்பா, பெயின்ட்டுதான்" என்றேன். படித்தவன் சொன்னால் மூக்குகூட ஒத்துக்கொள்கிறது.

பிறகு அந்தப் பெரிய மீட்டிங். கம்பெனியின் எல்லாத் தலைகளும் கம்ப்யூட்டருக்குள் வரிசையாக இருந்தனவாம். நான் கதவில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றுகொண்டிருந்தேன். கொள்முதல் நிலையம் திறந்துவிட்டது, நாளை நம் முறை, மூட்டையை எடுக்க வேண்டும் என்று சொல்ல வந்தவன் அப்படியே சிக்கிக்கொண்டேன்.

"இராஜாங்கம், உங்களுக்குப் பின்னாடி சுவத்துல பச்சையா என்ன அது?" என்றார் ஹமீதா பானு.

இராஜாங்கம் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிளைவுட் சேர்கிற இடுக்குகள் எல்லாவற்றிலும் வரிசை பிடித்தது போல இளம்பச்சையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சீரான நடவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"அது… செடி மேடம்."

"பசுமைச் சுவரா? ரொம்ப அழகா இருக்கு. என்ன செடி?"

நான் சும்மா இருக்கமாட்டாமல் சொன்னேன்: "ஆடுதுறை முப்பத்தாறும்மா."

"அந்தப் பெரியவர் யாரு? உங்க தோட்டக்காரரா?"

"அப்பா மேடம்."

"அப்பாவே பார்த்துக்கிறாரா. எல்லாரும் கவனிங்க, இதுதான் சூழலுக்கேத்த அலுவலகம். இராஜாங்கம், இத எப்படி வளத்தீங்கன்னு ஒரு குறிப்பு அனுப்புங்க."

எல்லாத் தலைகளும் கை தட்டின. எங்கள் சம்பா நடவு அந்தச் சுவருக்குள் முளைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கை தட்டினார்கள்.

கடப்பாரையை எடுத்தேன். இராஜாங்கம் தடுக்கவில்லை, அவனே பிளைவுட்டைப் பிடித்து இழுத்தான். மூட்டைகளில் அனல் பறந்தது. அடியில் இருந்தவையெல்லாம் சாக்கைப் பிய்த்துக்கொண்டு வேர் விட்டு, ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. அம்சம் வந்து பார்த்தாள். அவள் ஒன்றுமே பேசவில்லை. அன்றைக்குத்தான் அந்த அறை உண்மையிலேயே அமைதியாக இருந்தது.

"மேல் வரிசை கொஞ்சம் தேறும்பா" என்றான் இராஜாங்கம், கையை நெல்லுக்குள் விட்டபடி. "என்னாலதான் இப்புடி ஆச்சு."

"வாய மூடு. மூட்டைக்குப் பின்னால சத்தம் கேக்காதுன்னு சொன்னவன் நான்."

அனைத்தையும் டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒரே பார்வையில் பார்த்தார்.

"பெரியவரே, இது நெல்லு இல்ல. நாத்து. நாத்து வாங்க எனக்கு உத்தரவு இல்ல."

"மேல இருக்கறதாச்சும் பாருங்கய்யா. அது போனாத்தான் நாங்க சம்பா நட முடியும்."

"ஈரம் அளவுக்கு மேல. நெல்ல எப்புடி வச்சுக்கணும்னு உங்களுக்கே தெரியாட்டி நாங்க என்ன பண்றது? அரசாங்கத்துக்குன்னு ஒரு தரம் இருக்குல்ல."

நியாயம்தான். தலை குனிந்து திரும்பினேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். நிலையம் திறந்த நாலு நாளில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களிடம் வாங்கிய மூட்டைகள். இரண்டு அடிக்கல்லுக்கும் நடுவில் மலை மாதிரி அடுக்கியிருந்தன. மேலே ஒரு பாதிப் படுதா. மலை முழுக்கப் பச்சை. கொக்கு கல்லை விட்டுவிட்டு அந்த மலை மேல் உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்தது.

"அதுவும் நாத்துதானேய்யா?"

அதிகாரி திரும்பிப் பார்க்கவே இல்லை. "அது கொள்முதல் ஆன பொறவு மொளச்சது. அதுக்குப் பேரு இருப்பு. உங்களுது கொள்முதல் ஆகுறதுக்கு முன்னாடியே மொளச்சது. அதுக்குப் பேரு கழிவு."

கழிவை வாத்து மேய்க்கிறவனிடம் கொடுத்தேன். வாத்துகள் தரம் பார்க்காமல் தின்றன. வயல் தரிசாகக் கிடக்கிறது. இராஜாங்கத்துக்குக் கம்பெனியில் 'பசுமை ஊழியர்' என்று ஒரு பட்டம் வந்திருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை யாரிடமும் காட்டுவதில்லை. நான் அவனைத் திட்டவில்லை. மூட்டை முளைக்க அவனுக்குச் சுவர் தேவைப்பட்டது, ஏசி தேவைப்பட்டது, வெள்ளைக்காரன் வீடியோ தேவைப்பட்டது, லியாகத் அலி தேவைப்பட்டார், போதாததற்கு நானும் தேவைப்பட்டேன். இவ்வளவு பேர் சேர்ந்தும் ஒரு ஷெட்டுக்கு மேல் முடியவில்லை.

அவன் கட்டத் தெரியாதவன். கட்டிக் கெடுத்தான். அந்த அடிக்கல் நட்டவர்கள் எல்லாரும் கட்டத் தெரிந்தவர்கள். கட்டாமலே கெடுத்தார்கள்.