கழுத்தளவு தண்ணீருக்குச் சாட்சி

"என்ர மனிசி என்னைக் கட்டச் சொல்லிக் கேக்கிறதுக்கு மண்டைதீவிலயிருந்து அல்லைப்பிட்டிக்குக் கழுத்தளவு தண்ணியில நடந்து வந்தவ. தலையில செருப்பு, செருப்புக்கு மேல குடை!"

இன்னாசித்தம்பி இதைச் சொல்லாத இடம் அல்லைப்பிட்டிக் கரையில் கிடையாது. கேட்டு நம்பிய ஆளும் கிடையாது. அவர் மனைவி ஞானசவுந்தரி கோயிலில் திரும்பிப் பார்த்தால், குருவானவரே தன் மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் ஓர் ஆம்பிளையைத் தேடிக் கடலில் இறங்கினாராம்!

"ரோட்டு இருக்கேக்க ஆரும் தண்ணிக்கால வருவினமோ?" என்று கேட்பார்கள்.

"ரோட்டால வந்தா ஊர் காணுமெல்லோ!"

"விசர்க் கதை" என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் தீர்ப்பு வரும். இருபத்திரண்டு வருசமாக அதே இரண்டு சொல்.

ஆனால், சாட்சி ஒன்று இருந்தது. கல்யாண வீடியோ. அதில் ஞானசவுந்தரியின் தமையன் சூசைமுத்து, ஒரு போத்தல் கொடுத்த துணிச்சலில், கமராவுக்கு முன்னால் நின்று முழுக் கதையையும் சொல்லியிருந்தார். பிறகு அவர் கனடாவுக்குப் போய், எதைக் கேட்டாலும் "தங்கச்சியைக் கேளும்" என்கிற ஆளாகிவிட்டார்.

கசெற்றைப் போட்டுப் பார்க்க இன்னாசித்தம்பிக்கு ஆசை வந்தபோதெல்லாம் ரிவியில் ஞானசவுந்தரியின் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நாடகங்கள் முடிவதற்குள் ரிவி முடிந்துவிட்டது. ஏழு வருசமாக மூச்சில்லை.

அன்று காலை ஞானசவுந்தரி அறிவித்தார்:

"பின்னேரம் நாலு மணிக்குப் பழைய இரும்பு லொறி வருது. ரிவியும் கசெற் டெக்கும் போகுது."

"ஐயோ, என்ர சாட்சியெல்லோ!"

"படம் வந்தா இருக்கட்டும். வராட்டிப் போகட்டும்."

இன்னாசித்தம்பி பெட்டியின் முதுகைக் கழற்றினார். பியூஸ் எரிந்திருந்தது. வள்ளத்து மோட்டரிலிருந்து ஒரு செப்புக் கம்பியை உருவி அதன் இடத்தில் முறுக்கினார். நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. நயினாதீவில் நின்றவர்களும் கண்ணை மூடியிருப்பார்கள். வீட்டில் கரண்ட் போய்ப் பிறகு வந்தது. ரிவி பெரிதாக இரைந்தது. திரையின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு.

"வந்திட்டுது!" என்று கத்தினார்.

"என்ன வந்தது?"

"கடல். தூரத்தில தெரியுது."

கடலுக்குக் கிட்டப் போக வழி தெரியாமல், வேலணைக் கதிர்காமுவுக்குப் போன் எடுத்தார். கதிர்காமு ஒருகாலத்தில் தீவு முழுக்க ரிவி திருத்தியவர். இப்போது புகையிலை நடுகிறார். கையில் மண்ணோடு வந்து, சுவிச்சை நிற்பாட்டிப் பத்து நிமிசம் காத்திருந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, உப்புக்காத்து உள்ளுக்குக் குடும்பம் நடத்தியிருக்கு."

ஈயத்தை உருக்கி உருக்கி வைத்தார். பழைய வயர் இரண்டு கையோடு வந்தன. திரும்பப் பொருத்திவிட்டுச் சுவிச்சைப் போட்டு, டெக்குக்குள் கசெற்றைத் தள்ளினார்.

படம் வந்தது. தலைகீழாக. விருந்தாளிகள் வௌவால்களாகத் தொங்கினார்கள். கேக் விழாமல் நின்றது கர்த்தரின் கிருபை.

"வயரை மாறிக் குடுத்திட்டன் போல. திரும்பக் கழட்டிப் பூட்ட ஒரு மணித்தியாலம் வேணும்" என்றார் கதிர்காமு.

மணி மூன்றரை.

"கதிர்காமு, ரிவியைத் திருப்பி வைச்சா என்ன?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நங்கூரம்கூட இவ்வளவு பாரமில்லை. நான்கு தலையணை அடுக்கி, பெட்டியைத் தலைகீழாகக் குந்தவைத்தார்கள். மனிதர்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் இடம் வலம் மாறிப்போயிற்று. குருவானவர் இடது கையால் ஆசீர்வதித்தார். இன்னாசித்தம்பி இடது கையால் தாலி கட்டினார்.

குசினி வாசலில் நின்று இதைப் பார்த்த ஞானசவுந்தரி, "அப்ப உந்தக் கல்யாணம் செல்லாதோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

தூக்கிய ஆட்டத்தில் சத்தம் நின்றுபோனது. இன்னாசித்தம்பி ஓங்கி ஓர் அடி போட்டார். சத்தம் வந்தது. நிறம் போனது. சபை முழுவதும் பாசி பிடித்ததுபோலப் பச்சையாகிவிட்டது.

வாசலில் லொறி 'பாம்' என்று கோண் அடித்தது. சாரதி சுதன் உள்ளே வந்தவன், தலைகீழ்ப் பெட்டியையும் பச்சை மாப்பிள்ளையையும் பார்த்து வாயைப் பிளந்தான்.

"அண்ணை, தூக்கட்டோ?"

"பொறும் தம்பி! என்ர மானமே உதுக்குள்ளதான் இருக்கு. இரும், இதில இரும்!"

சுதன் கதிரையில் அமர்ந்தான். திரையில் பச்சைச் சூசைமுத்து, இடது கையில் கிளாசோடு தோன்றினார்.

"என்ர தங்கச்சி என்ன செய்தவ எண்டு உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் சூசைமுத்து. "நான் கண்ணால கண்டனான். சொல்லுறன் கேளுங்கோ. அண்டைக்கு விடியக் காலமை, மண்டைதீவுக் கரையில இவ..."

இன்னாசித்தம்பி திரைக்குக் கிட்டக் குனிந்தேவிட்டார்.

திரை ஒருமுறை துடித்தது. கரண்டியோடு ஒரு பச்சைப் பெண் வந்தார்.

"இப்போது வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிக்கொள்வோம்."

கசெற்றை ஓட்டிப் பார்த்தார்கள். அரை மணிநேரம் கத்தரிக்காய்க் குழம்பு. அது இறங்கியபோது கல்யாணமும் முடிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சூசைமுத்துவைக் காணவில்லை.

"ரிவியில பிழையில்லை அண்ணை. ஆரோ மேல பதிஞ்சுபோட்டினம்." கதிர்காமு சாமான்களைப் பையில் போட்டார். "குறை நினையாதேங்கோ. தலையில செருப்பு, அதுக்கு மேல குடை எண்டேக்கையே யோசிச்சனான். உது நடந்திராது."

இன்னாசித்தம்பி பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார். பிறகு வயரைச் சுவரிலிருந்து கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, சுதனிடம் நீட்டினார்.

"கொண்டு போம் தம்பி."

ஞானசவுந்தரி கையைத் துடைத்தபடி விறாந்தைக்கு வந்து, சுதனின் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டார். பிறகு கதிர்காமுவைக் கோயில் பார்வை பார்த்தார்.

"நடந்தது தம்பி. நடக்காத ஒண்டுக்கு மேல நான் ஏன் கத்தரிக்காய்க் குழம்பு பதியோணும்?"